ஆர்.வி. ஃபிரிட்ஜின் முதுகுப்புறம்

கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் நீடில்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பார்ஸ்டோ வழியாக மொஹாவி பாலைவனத்தைக் கடந்து கிராண்ட் கேன்யன் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஊரைத் தொட்டுத்தான் போவார்கள். ஒரு ஜூன் மாதக் கடைசியில், வாடகைக்கு எடுத்த ஆர்.வி.யில் குடும்பத்தோடு அங்கே ஓர் இரவு தங்கினோம். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள வண்டி. எங்களுக்கு அதுவே முதல் அனுபவம். மாலை ஏழு மணிக்கும் வெளியே 44 டிகிரி செல்சியஸ். தோசை வார்க்கலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தால், மாவு டப்பாவின் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கிக் கீழ்த்தட்டு வரை வழிந்திருந்தது. தயிர் புளித்துப் பிரிந்திருந்தது. பால் பாட்டிலைத் தொட்டால் வெதுவெதுப்பு.

குளிர் அளவுத் திருகைக் கடைசி எண் வரை திருப்பினேன். விடிந்து பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. பழுதான ஃபிரிட்ஜை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பாலையும் தயிரையும் கொட்டிவிட்டுக் கிளம்பி, கிங்மன் வழியாக ஏறி, மாலை வில்லியம்ஸ் போய்ச் சேர்ந்தோம். நீடில்ஸ் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; வில்லியம்ஸ் 2,000 மீட்டருக்கும் மேலே. அன்றிரவு போர்வை தேவைப்பட்டது. காலையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு சில்லிப்பு. யாரும் எதையும் பழுது பார்க்கவில்லை. அதே ஃபிரிட்ஜ், இங்கேயும் ஆர்.வி. முகாமின் கரண்ட்தான்.

கோடையில் ஆர்.வி. எடுக்கிற பலரும் இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபிரிட்ஜ் போய்விட்டது என்று ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்துப் புதிதாக மாற்றுகிறவர்களும் உண்டு. அடுத்த ஜூலையில் புதியதும் அதே போல வெதுவெதுக்கும்போது என்ன சொல்வதென்றே தெரியாது. பெட்டிக்குள் ஏன் குளிரவில்லை என்று பெட்டிக்குள்ளேயே தேடுவதுதான் இதில் நாம் செய்யும் தவறு. காரணம் பெரும்பாலும் அதன் முதுகுப்புறத்தில் இருக்கிறது.

எந்த ஃபிரிட்ஜும் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளேயிருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவே. வீட்டு ஃபிரிட்ஜில் அந்த அள்ளும் வேலையை கம்ப்ரஸர் செய்கிறது. ஆனால் நெடுங்காலமாக ஆர்.வி.க்களில் வைக்கப்பட்டுவரும் ஃபிரிட்ஜ் வேறு ஜாதி. அதில் மோட்டாரும் இல்லை, அசையும் உறுப்பு எதுவுமே இல்லை. நெருப்பை மூட்டித்தான் அது குளிர வைக்கிறது. கேட்கும்போது விந்தையாக இருந்தாலும், மண்பானையை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது; தண்ணீர் குளிர்கிறது. இந்த ஃபிரிட்ஜில் ஆவியாவது அம்மோனியா. சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடிய பொருள் அது. பானையில் ஆவியான நீர் காற்றோடு போய்விடும். இங்கே அம்மோனியா மூடிய குழாய்க்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் சுற்றி வந்தாகவேண்டும்.

பின்பக்கம் கீழே ஒரு கொதிகலம் இருக்கிறது. அதில் அம்மோனியா கரைந்த தண்ணீர். கேஸ் சுடரோ மின்கம்பியோ அதைச் சூடாக்க, அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலே ஏறுகிறது. உச்சியில், தகடு தகடாகச் செதில் வைத்த ஒரு குழாயில் அது தன் சூட்டை வெளிக்காற்றிடம் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் சரிவாக இறங்கி ஃப்ரீசர் பக்கம் வந்து, அங்கே காத்திருக்கும் ஹைட்ரஜனோடு கலக்கிறது. ஹைட்ரஜன் நடுவில் இருப்பதால் அம்மோனியாவின் பங்கு அழுத்தம் தாழ்ந்து, அது மறுபடி ஆவியாகிறது. பாலிலும் மாவிலும் இருக்கும் வெப்பம் அப்போதுதான் களவு போகிறது. பிறகு கீழே வந்து, குளிர்ந்த தண்ணீரில் கரைந்து, கொதிகலத்துக்கே திரும்புகிறது. பம்ப் இல்லாமல், புவியீர்ப்பும் சூடும் மட்டுமே இந்தச் சுற்றை ஓட்டுகின்றன.

ஸ்டாக்ஹோமில் ராயல் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவர்களாக இருந்த பால்ட்ஸர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இருவர் 1922இல் கண்டுபிடித்தது இது. எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை வாங்கி உலகெங்கும் விற்றது. ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும்கூட அசையும் உறுப்பே இல்லாத வேறொரு ஃபிரிட்ஜை வடிவமைத்து 1930இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். மின்சாரம் எட்டாத மருத்துவமனைகளில் மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தித் தடுப்பூசி மருந்தைக் குளிராக வைத்திருந்தது பிளாட்டன், முன்டர்ஸ் முறைதான். ஓட்டல் அறைகளில் சத்தமே போடாமல் நிற்கும் குட்டி ஃபிரிட்ஜ்களிலும் பல இந்த வகைதான். மதிப்போடு பார்க்கவேண்டிய இயந்திரம் இது. அதனிடம் நாம் என்ன எதிர்பார்க்கலாம், என்ன எதிர்பார்க்கக்கூடாது என்று தெரிந்துகொண்டால் அது ஏமாற்றாது.

வெயில் இந்தச் சுற்றை இரண்டு இடங்களில் பிடிக்கிறது. முதலாவது, உச்சியிலுள்ள செதில் குழாய். அங்கே அம்மோனியா திரவமாக வேண்டுமென்றால் சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். காற்றே 45 டிகிரி, வெயில் தாக்கிய சுவரின் உட்புறம் அதற்கும் மேல் என்றால், திரவமாகும் அளவு குறைந்துவிடும். திரவம் குறைந்தால் ஃப்ரீசரில் ஆவியாக என்ன இருக்கும்? இரண்டாவது, அம்மோனியா தண்ணீரில் மறுபடி கரையும் இடம். வெயிலில் கிடந்த கோலி சோடாவை உடைத்தால் சீறிக்கொண்டு வாயு வெளியேறும். சூடான நீரில் வாயு தங்காது. அம்மோனியாவும் அப்படியே. தண்ணீர் சூடாக இருந்தால் அது முழுசாகக் கரையாமல் ஹைட்ரஜனோடு கலந்தே சுற்றும். ஃப்ரீசரில் ஆவியாவது மந்தமாகும்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும். நடுத்தர அளவு ஆர்.வி. ஃபிரிட்ஜின் மின்கம்பி 300 முதல் 400 வாட் வரை எடுக்கும். அந்தச் சூடு முழுவதும், உள்ளேயிருந்து அள்ளிய வெப்பமும் சேர்ந்து, பின்புறத்து ஒடுக்கமான இடத்தில் கொட்டப்படுகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டியைப் பாதிச் சூட்டில் வைத்து அலமாரிக்குப் பின்னால் இரவு பகலாக விட்டுவைத்தது போல. அந்த அனல் போக வழியில்லையென்றால் ஃபிரிட்ஜ் தன் சூட்டிலேயே தான் வேகும்.

திருகைத் திருப்பிப் பயனில்லாமல் போனது ஏன் என்பதும் இங்கேதான் விளங்கும். உள்ளே அலுமினியச் செதிலில் ஒட்டியிருக்கும் சிறு உணரி, போதுமான குளிர் வந்ததும் சூடேற்றுவதை நிறுத்தச் சொல்லும். திருகு, எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் மாற்றுகிறது. நீடில்ஸ் மாதிரி ஊரில் ஃபிரிட்ஜ் ஏற்கெனவே நிற்காமல் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பவனை ஓடு என்று விரட்டினால் வேகம் கூடுமா?

வில்லியம்ஸில் பக்கத்தில் வண்டி போட்டிருந்தவர் ஓய்வு பெற்ற பெரியவர். குளிர்காலத்தை அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்திலும், கோடையை மலைமேலும் கழிக்கிறவர். நான் கதையைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வந்து, எங்கள் வண்டியின் வெளிச்சுவரில் கீழே இருந்த கம்பித்தடுப்பைக் கழற்றினார். உட்புறம் பூச்சி வராமலிருக்க யாரோ பொடிக்கண் வலை வைத்திருந்தார்கள். அதில் தூசியும் பஞ்சும் ஏறி, பழைய கம்பளித் துண்டு போல இறுகிக் கிடந்தது. விரலால் தட்டினால் தூள் பறந்தது. ஓர் ஓரத்தில் குளவி கட்டிய மண்கூடு. வலையைக் கையில் கொடுத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கச் சொன்னார். ஒரு பொட்டு வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

பின்புறத்துக் காற்றோட்டம் பழைய சமையலறைப் புகைபோக்கி போன்றது. கீழ்த் துவாரத்தில் நுழையும் காற்று குழாய்களைத் தொட்டுச் சூடாகி, இலேசாகி மேலேறி, கூரைத் துவாரம் வழியே வெளியேறுகிறது. கீழே அடைத்தாலும் நின்றுவிடும், மேலே அடைத்தாலும் நின்றுவிடும். கூரையில் பறவைக்கூடு இருக்கிறதா என்று ஏணி வைத்துப் பார்ப்பது வீண் வேலை இல்லை. வெயில் உள்ளே வரக்கூடாது என்று வெள்ளித்தாளால் இந்தத் துவாரங்களை மூடிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நிழல் கொடுக்கலாம், அடைக்கக் கூடாது. ஓரடி தள்ளி ஒரு துணியைப் பந்தல் போல இழுத்துக் கட்டினால் நிழலும் கிடைக்கும், காற்றும் போகும்.

துவாரம் திறந்திருந்தால் மட்டும் போதாது, காற்று எந்த வழியாகப் போகிறது என்பதும் முக்கியம். ஃபிரிட்ஜின் முதுகுக்கும் வண்டிச் சுவருக்கும் நடுவே அகலமான இடைவெளி இருந்தால், காற்று சுலபமான வழியைப் பிடித்துச் சுவரோரமாகவே ஏறிப் போய்விடும், செதிலைத் தொடாது. செதிலுக்கும் சுவருக்கும் இடையே ஓர் அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பொதுவான அளவு. பெரியவர் எங்கள் வண்டியில் உள்ளங்கையை விரித்து நுழைத்துக் காட்டினார், முழுக்கை போயிற்று. சொந்த வண்டியாக இருந்தால் ஒரு தகரத் தகட்டைச் சாய்வாகப் பொருத்திக் காற்றைச் செதில் பக்கம் திருப்பிவிடலாம். தகட்டையும் எரியாத பொருளையும் மட்டுமே அங்கே வைக்கவேண்டும். பக்கத்தில் சுடர் எரிகிறது. வண்டிச் சுவரிலிருந்து வெளியே தள்ளி விரியும் அறையில் ஃபிரிட்ஜ் இருந்தால் கூரைத் துவாரமே இருக்காது, சுவரிலேயே மேலொன்று கீழொன்று. இந்த அமைப்புதான் வெயிலில் அதிகம் திணறும்.

இதற்கெல்லாம் கைகொடுப்பது கம்ப்யூட்டர்களில் வரும் சிறு ஃபேன்தான். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், இரண்டு மூன்று வாட்டுக்கு மேல் எடுக்காது. உச்சிச் செதிலுக்குச் சற்றுக் கீழே, காற்றை மேல்நோக்கித் தள்ளும்படி ஒன்றிரண்டு பொருத்தினால், காற்றே அசையாத நாட்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பர்னருக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கக்கூடாது. சுடர் அலைந்து அணையும். ஃபிரிட்ஜுக்கு உள்ளே வைக்கும் பேட்டரி ஃபேன் வேறு. அது குளிரைப் பெருக்காது. ஓரிடம் உறைந்தும் வேறிடம் வெதுவெதுத்தும் கிடப்பதைச் சமன் செய்யும். அதுவும் நல்லதே. வேலை வேறு என்பதைப் புரிந்துகொண்டால் போதும்.

பலர் கவனிக்காத ஒன்று வோல்டேஜ். கோடைப் பிற்பகலில் முகாமிலுள்ள அத்தனை வண்டிகளும் ஏ.சி. போட்டிருக்கும். 120 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 105 வரும். இது எட்டில் ஒரு பங்குக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் மின்கம்பியின் சூடு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. ஆகவே கொதிகலத்துக்குப் போகும் சூடு ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். வெயில் உச்சத்தில், அதிக பலம் தேவைப்படும் அதே நேரத்தில். நீடில்ஸில் எங்களுக்கு இதுவும் சேர்ந்துகொண்டிருக்கும். பிளக்கில் செருகிப் பார்க்கும் வோல்ட் மீட்டர் மலிவாகவே கிடைக்கிறது. வோல்டேஜ் சரிந்தால் ஃபிரிட்ஜைக் கேஸுக்கு மாற்றுங்கள். சுடருக்கு வோல்டேஜ் தேவையில்லை. அந்தச் சுடர் நீலமாக எரிகிறதா என்று மட்டும் பாருங்கள். மஞ்சளாக ஆடினால் பர்னரில் துருவோ கரியோ குளவிக்கூடோ இருக்கும், சுத்தம் செய்யவேண்டும். பெட்ரோல் பங்க்குக்குள் நுழையும் முன் சுடரை அணைத்துவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கே இடமில்லை.

திரும்பி வரும்போதும் நீடில்ஸிலேயே தங்கினோம். வலையை எடுத்தாகிவிட்டது. துவாரமுள்ள பக்கத்துக்கு மாலை வெயில் படாதபடி வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். பகலெல்லாம் கேஸில் ஓடவிட்டோம். ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் வைத்திருந்த தெர்மாமீட்டர், மாலை ஆறு மணிக்கு 7 டிகிரி காட்டியது. இரவு 5க்கு இறங்கியது. உணவு பாதுகாப்பாக இருக்க வேண்டிய அளவு 4 டிகிரி செல்சியஸ், அதாவது 40 டிகிரி ஃபாரன்ஹீட்; அதற்கு மேல் கிருமிகள் பெருகும். இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. அந்த மீதி நாம் பெட்டிக்குள் எதை, எப்போது வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

கடையில் வாங்கிய அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் பன்னிரண்டு, வெயிலில் கிடந்து 35 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றை 4 டிகிரிக்குக் கொண்டுவர 216 வாட்-மணி அளவுக்கு வெப்பத்தை அகற்றவேண்டும். கடும் வெயிலில் சுவர் வழியாகவும் கதவு வழியாகவும் கசியும் வெப்பத்தை ஈடுகட்டியது போக, இந்த ஃபிரிட்ஜிடம் 30 வாட் மிஞ்சினால் பாட்டில்களுக்கு மட்டும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை பக்கத்தில் இருக்கும் பாலும் சேர்ந்து சூடாகும். அதனால் எதையும் வீட்டு ஃபிரிட்ஜில் குளிரவைத்த பிறகே வண்டிக்கு மாற்றுங்கள். வண்டி ஃபிரிட்ஜைப் புறப்படுவதற்கு ஒரு நாள் முன்பே போட்டுவிடுங்கள். வழியில் வாங்குவதை இரவில் ஏற்றுங்கள். குழந்தைகள் பத்து நிமிடத்துக்கொரு தரம் கதவைத் திறப்பது ஜூஸுக்காகத்தான்; அதற்கு ஐஸ் போட்ட தனிப்பெட்டி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். உறைந்த ஒரு லிட்டர் தண்ணீர் உருகும்போது ஏறக்குறைய 93 வாட்-மணி வெப்பத்தை விழுங்கும். வீட்டில் உறையவைத்த இரண்டு பாட்டில்களைப் பிற்பகலில் நடுத்தட்டில் வைத்தால் அந்தக் கடினமான மூன்று நான்கு மணி நேரத்தைத் தாண்டிவிடலாம்.

நம் வீட்டு மாவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். புளித்த மாவு குளிர் குறைந்தால் மேலும் பொங்கும். அதனால் உள்ளே வைத்த தெர்மாமீட்டர் போலவே அது உண்மை சொல்லும். டப்பாவில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். பின்பக்கச் செதிலுக்கு அருகே, கீழ்த்தட்டில் வையுங்கள். ஆனால் செதிலையும் அதற்கு எதிரே காற்று போகும் வழியையும் டப்பாவால் மறைக்கவேண்டாம். செதிலில் பனி தடித்துப் படிந்தால் அது குளிரைத் தடுக்கும் போர்வை, கரைத்துவிட வேண்டும். டெக்சஸ், ஃபுளோரிடா கடலோரம் போன்ற ஈரக்காற்று ஊர்களில் இது சீக்கிரம் படியும். கதவு ரப்பர் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் வெக்கை நுழைகிறது.

வண்டியைச் சமமாக நிறுத்துவதை நான் ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை என்று அனுபவசாலிகள் கேட்கலாம். முன்னே சொன்னவை அன்றைய குளிரைப் பற்றியவை. இது ஃபிரிட்ஜின் ஆயுளைப் பற்றியது. உள்ளே எல்லாம் புவியீர்ப்பில்தான் இறங்கி ஓடுகின்றன. சரிவில் நிறுத்தினால் திரவம் எங்காவது தேங்கி நின்றுவிடும், கொதிகலம் வறண்டு மிதமிஞ்சிச் சூடேறும், துருப்பிடிக்காமல் காக்கக் கலந்திருக்கும் உப்பு குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது. பல மாடல்களுக்குப் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரை சாய்வு ஒத்துக்கொள்ளும். உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள். ஓடும் வண்டியில் குலுங்கலே திரவத்தை நகர்த்திவிடுவதால் பயமில்லை.

இப்போது வரும் புதிய ஆர்.வி.க்களில் பலவற்றில் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வைக்கிறார்கள். வெயிலில் அது இதைவிட நன்றாகத் தாங்கும், சீக்கிரம் குளிரும், சற்றுச் சாய்வாக நின்றாலும் ஓடும். ஆனால் கேஸில் ஓடாது. பேட்டரியும் சோலார் தகடும் போதுமான அளவு வேண்டும். பின்னால் காற்று போகவேண்டும் என்ற விதியிலிருந்து அதற்கும் விலக்கில்லை.

பழைய ஃபிரிட்ஜ் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. குளுமையான ஊரிலோ நிழலிலோ வண்டியைச் சமமாக நிறுத்தி, உள்ளே ஒரு தம்ளர் தண்ணீரும் தெர்மாமீட்டரும் மட்டும் வைத்து, நல்ல வோல்டேஜில் ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். 4 டிகிரியைத் தொட்டுவிட்டால் ஃபிரிட்ஜ் நலமாக இருக்கிறது; முதுகுப்புறத்தைச் சரி செய்யுங்கள். கொதிகலம் சூடாக இருந்தும் உள்ளே குளிரே இல்லையென்றால் குளிரூட்டும் பகுதி போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். பின்புறக் குழாயில் மஞ்சள் தூள் தெரிந்தாலோ, மூக்கைக் குத்தும் அம்மோனியா வாடை வந்தாலோ சோதனையெல்லாம் வேண்டாம். கேஸையும் கரண்டையும் உடனே நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வண்டியைவிட்டு இறங்கிவிடுங்கள். உள்ளே இருந்தது ஹைட்ரஜனும்தான், அது தீப்பற்றும். அந்த மஞ்சள் தூள் நச்சு, கையால் தொடாதீர்கள்.